எந்த ஊசி, எந்த மாத்திரை: மாரடைப்பு வார்டில் மருந்துத் தேர்வு

விடியற்காலை மூன்றேகால் மணி. அவசரப் பிரிவின் சிவப்பு மண்டலத்தில் ஒரு லோரி ஓட்டுநர் படுத்திருந்தார். வயது 54. நெஞ்செல்லாம் கோடாலித் தைல வாசம். ஒன்றரை மணிக்கு வலி தொடங்கியிருக்கிறது. வாயுப் பிடிப்பு என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்து, தைலம் தேய்த்து, கட்டிலுக்கும் கூடத்துக்குமாக நடந்திருக்கிறார். சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்த பிறகுதான் மனைவி மகனை எழுப்பிக் காரை எடுக்கச் சொல்லியிருக்கிறார். 999-ஐ அழைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இசிஜி தாளில் எஸ்டி கோடு நான்கைந்து இடங்களில் மேலே தூக்கி நின்றது. இருதயத்தின் முன்பக்க ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்று பொருள். நான் அந்த இரவுப் பணியில் இருந்த மருந்தாளர். வெள்ளைக் கோட்டைப் பார்த்து டாக்டர் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ, மகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல மருந்தா போடுங்க. காசைப் பத்தி யோசிக்காதீங்க."

பினாங்குப் பெருநிலத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இந்த வாக்கியத்தை வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். பெரிய மருந்து, விலை கூடிய மருந்து, புது மருந்து: குடும்பம் கேட்பது இதைத்தான். ஆனால் மாரடைப்புக்குத் தரும் முக்கியமான மருந்துகளில் பெரும்பாலானவை ஒரே வேலையைச் செய்பவை. ரத்தம் உறைவதைத் தடுக்கும், அல்லது உறைந்ததைக் கரைக்கும். நெஞ்சில் உள்ள ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்துக்கு மூளையில் இருக்கும் பலவீனமான குழாயை விட்டுவிடத் தெரியாது. வலு கூடக் கூட ரத்தக்கசிவும் கூடும். அதனால் மருத்துவர் இரண்டு மருந்தை எடை போடும்போது, இரண்டில் எது வலுவானது என்பதோடு நிற்பதில்லை. இந்த ஆளுக்கு, இந்த நேரத்தில், எது எங்கே கசியும் என்றும் பார்க்கிறார். அந்தக் கணக்குக்கு வேண்டிய தகவலில் பாதி நோயாளியின் வீட்டில்தான் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. மலேசியாவின் தேசிய இருதய நோய்ப் பதிவேட்டில் இந்தியர்களின் பங்கு, மக்கள்தொகையில் நமக்குள்ள பங்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இங்கே நோயாளிகளின் வயதும் குறைவு. இந்தப் பேச்சு நம் வீட்டுக்கு வராமல் போக வாய்ப்புக் குறைவுதான்.

மாரடைப்பில் மூன்று வகை

"ஹார்ட் அட்டாக்" என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதை வார்டில் மூன்றாகப் பிரிப்பார்கள். குழாய் முழுசாக அடைத்து, இசிஜியில் எஸ்டி தூக்கினால் ஸ்டெமி. குழாய் முழுசாக அடைக்காமல், ஆனாலும் இருதயத் தசை கொஞ்சம் செத்து, அதிலிருந்து கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறினால் என்ஸ்டெமி. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி, போன வாரத்தைவிட இந்த வாரம் அடிக்கடி வலி, ஆனால் ட்ரோபோனின் ஏறவில்லை என்றால் அன்ஸ்டேபிள் ஆஞ்சைனா. கடைசி இரண்டுக்கும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான்.

கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் வகைக்கு மட்டும். இதில்தான் குடும்பங்களுக்கு அதிகக் குழப்பம், சில சமயம் கோபம்கூட. "பக்கத்துக் கட்டில்காரருக்கு ஊசி போட்டாங்க, எங்க அப்பாவுக்கு ஏன் போடல?" குழாயை முழுசாக அடைக்கும் கட்டியில் ஃபைப்ரின் என்ற நார்வலை நிறைய இருக்கும், ஊசி அந்த வலையைத்தான் அறுக்கும். மற்ற இரண்டு வகையிலும் கட்டி பெரும்பாலும் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியது. அங்கே வலை அறுக்கும் மருந்துக்கு அவ்வளவு வேலை இல்லை. 1990-களில் ஆஞ்சைனா நோயாளிகளுக்கும் அதைப் போட்டுப் பார்த்தார்கள். பலன் கிடைக்கவில்லை, மூளையில் ரத்தக்கசிவுதான் சிலருக்கு வந்தது. ஆக, பக்கத்துக் கட்டில்காரருக்குக் கிடைத்தது உங்கள் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை என்றால், அது பெரும்பாலும் அப்பாவுக்கு நல்லது.

மூன்று வகைக்கும் பொதுவாக ஒன்று உண்டு: ஆஸ்பிரின். ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவருக்கு 300 மில்லிகிராம், மென்று விழுங்க வேண்டும். மெல்லச் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். மென்றால்தான் சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். ஒப்பீடே தேவையில்லாத மருந்து இது ஒன்றுதான். 1988-இல் வெளிவந்த ஐஎஸ்ஐஎஸ்-2 ஆய்வில் 17,187 பேர். ஆஸ்பிரினும் இல்லாமல், கரைக்கும் ஊசியும் இல்லாமல் இருந்தவர்களில் ஐந்து வாரத்துக்குள் இருதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் 13.2 விழுக்காடு, இரண்டும் பெற்றவர்களில் 8 விழுக்காடு.

அந்த ஆய்வில் ஒரு வேடிக்கை உண்டு. எந்தெந்தப் பிரிவினருக்குப் பலன் அதிகம், எவருக்குக் குறைவு என்று பிரித்துக் காட்டும்படி ஆய்வாளர்களிடம் கேட்டிருக்கிறார்கள். அப்படிப் பிரித்துக்கொண்டே போனால் அபத்தமாகத்தான் முடியும் என்று காட்ட, அவர்கள் நோயாளிகளைப் பிறந்த தேதிப்படி ராசி ராசியாகவும் பிரித்துப் போட்டார்கள். மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் பலிக்கவில்லை என்று வந்தது! அது சூரியனை வைத்துப் பார்க்கும் மேல்நாட்டு ராசி, நம் சந்திர ராசி இல்லை. இருந்தாலும், நான் துலாம். எனக்கு வந்தால் ஆஸ்பிரினைக் கொடுத்துவிடுங்கள்.

கரைப்பதா, அனுப்பிவைப்பதா

ஸ்டெமி என்று தெரிந்ததும் வரும் முதல் கேள்வி எந்த மருந்து என்பதற்கு முந்தியது. ஊசி போட்டுக் கரைப்பதா, பலூன் வைத்து அடைப்பைத் திறக்கும் இடத்துக்கு உடனே அனுப்புவதா?

எல்லாம் சமமாக இருந்தால் பலூன்தான் மேல். குழாய் திறப்பது ஏறக்குறைய உறுதி, மூளை ரத்தக்கசிவு பயம் குறைவு. ஆனால் எல்லாம் சமமாக இருக்கும் இரவு எங்களுக்கு அபூர்வம். இசிஜியில் நோயைக் கண்ட நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் குழாயைத் திறக்க முடியுமா என்பதுதான் வழிகாட்டிகள் வைத்திருக்கும் கோடு. முடியுமென்றால் அனுப்பு. முடியாதென்றால் ஊசியைப் போடு, அதையும் நோயாளி வந்த அரை மணிக்குள் போடு, பிறகு அனுப்பு.

கோலாலம்பூரில் இது வேறு மாதிரி. ஜாலான் துன் ரசாக்கில் 1992-இலிருந்து தேசிய இருதய மையம் இருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் பலூன் வைக்கும் குழு உண்டு. அந்த வட்டாரத்தில் மாரடைப்பு வந்தவருக்குக் கரைக்கும் ஊசியைப் பற்றிய பேச்சே வராமல் போகலாம். சாயங்கால நெரிசலில் மாட்டிக்கொண்டால் அங்கேயும் கணக்கு மாறும் என்பது வேறு விஷயம்.

எங்கள் பக்கம், அதுவும் நிபோங் திபால், சுங்கை பாக்காப் மாதிரி தெற்கே இருப்பவர்களுக்கு, கணக்குப் போட்டே ஆக வேண்டும். மகன் சொன்னார், "இந்நேரம் பாலம் காலியா இருக்கும், பறந்துடலாம்." உண்மைதான், தீவுக்குப் போகும் 13.5 கிலோமீட்டர் பாலம் அந்த நேரத்தில் ஒரு பொருட்டே இல்லை. நேரம் போவது பாலத்தில் இல்லை. தீவில் பலூன் வைக்கும் இடத்தில் உள்ள மருத்துவரோடு பேசி இசிஜியை அனுப்பி ஒப்புதல் வாங்க, ஆம்புலன்ஸோடு போக ஒரு மருத்துவரையும் ஒரு தாதியையும் ஒதுக்க, அங்கே வீட்டில் தூங்கும் குழு எழுந்து வர, நோயாளியை மேசையில் ஏற்ற, கம்பியைக் குழாய்க்குள் செலுத்த. எல்லாம் சேர்த்து அன்றைக்கு 130 நிமிடத்தைத் தாண்டியது. வலி தொடங்கி அதற்குள் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. முதல் மூன்று மணி நேரத்துக்குள் கரைக்கும் ஊசி நன்றாகவே வேலை செய்யும். கட்டி இன்னும் இளசு. அதற்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் ஊசி பின்னுக்குப் போகும், பலூன் முன்னுக்கு வரும்.

இதிலிருந்து ஒன்று புரியும். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்ற பதில்தான் பாதித் தீர்ப்பு. "ராத்திரியிலேருந்து" என்று சொன்னால் எங்களுக்குப் போதாது. தொலைக்காட்சியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது, யார் அப்போது தொலைபேசியில் அழைத்தார்கள் என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள். லோரி ஓட்டுநரின் மனைவி, அந்த அக்கா, "மகன் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து சாப்பிட்டான், தட்டைக் கழுவிட்டு இருந்தேன்" என்றார். மகனின் வேலை முடியும் நேரத்தை வைத்து ஒன்றரை என்று கண்டுபிடித்தோம்.

சில பேருக்கு 130 நிமிடமானாலும் 150 ஆனாலும் அனுப்பத்தான் வேண்டும். எப்போதோ ஒரு முறை மூளையில் ரத்தம் கசிந்தவர், அண்மையில் பக்கவாதம் வந்தவர், தலையில் அடிபட்டவர், பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், வயிற்றுப் புண்ணில் ரத்தம் போய்க்கொண்டிருப்பவர். ரத்த அழுத்தம் 180-க்கு 110-ஐத் தாண்டி இறங்க மறுத்தாலும் அப்படியே. இருதயம் தளர்ந்து அழுத்தம் விழுந்துகொண்டிருப்பவரையும் பலூனுக்குத்தான் அனுப்புவார்கள்.

பழைய ஊசியும் புது ஊசியும்

சரி, கரைப்பதென்று முடிவாகிவிட்டது. நம் நாட்டு மருத்துவமனைகளில் கையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு: ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டெப்ளேஸ்.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் பழையது, மலிவானது. தொண்டைப் புண் உண்டாக்கும் வகைக் கிருமியிலிருந்து எடுப்பது. எல்லாருக்கும் ஒரே அளவு, 15 லட்சம் யூனிட், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். எடை தெரிய வேண்டியதில்லை. ஏற்றும்போது அழுத்தம் சட்டென்று விழும். சொட்டை மெதுவாக்கி, உப்புநீர் கொடுத்து, கால்களைத் தூக்கி வைத்துச் சமாளிப்பார்கள். கிருமியின் பொருள் என்பதால் உடம்பு அதை அந்நியனாகப் பார்த்து எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். அது வருஷக்கணக்கில் தங்கும். அதனால் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான்.

டெனெக்டெப்ளேஸ், எங்கள் ஆட்கள் வாயில் மெட்டலைஸ். விலை பல மடங்கு. நம் உடம்பே உண்டாக்கும் கரைப்பானை மாற்றிச் செய்தது. ஒரே ஊசி, ஐந்து பத்து விநாடியில் முடிந்துவிடும். அழுத்தம் அந்த அளவுக்கு விழாது. தேவைப்பட்டால் பின்னொரு நாள் திரும்பவும் போடலாம். ஆனால் எடை தெரிந்தாக வேண்டும்: 60 கிலோவுக்குக் கீழ் 30 மில்லிகிராம், அங்கிருந்து பத்துப் பத்துக் கிலோவுக்கு ஐந்தைந்தாக ஏறி, 90-க்கு மேல் 50.

மகன் கேட்ட "நல்ல மருந்து" இரண்டாவதுதான் என்று படிப்பவருக்கு இப்போதே தோன்றும். எண்ணைப் பார்ப்போம். 1993-இல் வந்த கஸ்டோ ஆய்வில் 41,021 பேர். டெனெக்டெப்ளேஸின் தாய் மருந்தான ஆல்டெப்ளேஸையும் ஸ்ட்ரெப்டோகைனேஸையும் அதில் மோதவிட்டார்கள். 30 நாளில் இறந்தவர்கள், ஆல்டெப்ளேஸில் 6.3 விழுக்காடு, ஸ்ட்ரெப்டோகைனேஸில் 7 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆயிரம் பேருக்குச் சுமார் பத்து உயிர் கூடுதலாகத் தப்பியது. அதே ஆயிரம் பேரில் மூளை ரத்தக்கசிவு இரண்டு கூடியது. டெனெக்டெப்ளேஸ் தன் தாய் மருந்துக்குச் சமம் என்று 1999-இல் உறுதியானது.

பத்துக்கு இரண்டு நல்ல பேரம்தான். ஆனால் அந்த இரண்டு பேர் யார் என்று பார்த்தால் அவர்கள் ஆயிரம் பேரில் எங்கோ சிதறிக் கிடப்பவர்கள் இல்லை. முதியவர்கள், எடை குறைந்தவர்கள், அழுத்தம் கூடியவர்கள், பெண்கள். பத்து உயிரின் லாபமோ பெரும்பாலும் சீக்கிரம் வந்தவர்களுக்கும், முன்பக்கக் குழாய் அடைத்தவர்களுக்கும் போகிறது. ஆகவே 50 வயது, முன்பக்க அடைப்பு, இரண்டு மணி நேரத்துக்குள் வந்தவர் என்றால் என் ஓட்டு டெனெக்டெப்ளேஸுக்கு. 78 வயது, 48 கிலோ, எட்டு மணி நேரம் கழித்து வந்த பாட்டிக்கு, பலூன் கிடைக்கவே கிடைக்காது என்றால், பழைய ஊசியைப் பார்த்து நான் முகம் சுளிக்க மாட்டேன். 75-ஐத் தாண்டியவருக்கு டெனெக்டெப்ளேஸ் போடுவதானால் பாதி அளவுதான். விலை குறைந்ததைப் போட்டுவிட்டார்கள் என்று சண்டைக்கு வரும் பிள்ளைகளிடம் இதை விளக்க வார்டில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை என்பது எங்கள் பக்கக் குறை.

அன்றைக்கு இந்தக் கணக்கெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மருத்துவர் அக்காவிடம் கேட்டார், முன்னால் இப்படி வந்திருக்கிறதா என்று. "லேசா வந்துச்சு, ஏழெட்டு வருஷம் ஆச்சு, வேற ஊர்ல வேலை செஞ்சப்ப" என்றார். என்ன ஊசி போட்டார்கள்? தெரியாது. மகனுக்கும் தெரியாது, அப்போது பள்ளிக்கூடப் பையன். நோயாளி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு அக்காவே யோசித்துச் சொன்னார்: "பாட்டில் தொங்கவிட்டு ஏத்துனாங்க தம்பி. பாதியில மயக்கம் மாதிரி வந்து, காலைத் தூக்கிப் புடிச்சாங்க."

அது போதும். ஒரு மணி நேரச் சொட்டு, பாதியில் விழுந்த அழுத்தம், தூக்கிய கால்கள். பெயர் தெரியாவிட்டாலும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் டெனெக்டெப்ளேஸ் பெட்டியை எடுத்தேன்.

82 கிலோ என்று கட்டிலின் எடைமானி சொன்னது. 45 மில்லிகிராம், கலக்கிய பிறகு 9 மில்லிலிட்டர். தூளில் தண்ணீரை விட்டுக் குலுக்கக் கூடாது; நுரைத்துவிடும். சந்தனக் கிண்ணத்தைச் சுழற்றுவது போல மெதுவாகச் சுழற்ற வேண்டும். கையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது குளுக்கோஸ் நீர். அதில் இந்த மருந்து பட்டால் திரிந்துவிடும். தாதி அதை நிறுத்தி, உப்புநீரால் குழாயைக் கழுவி, ஊசியைச் செலுத்தி, மீண்டும் கழுவினார். மூன்றே முக்கால் ஆகியிருந்தது. மகன் ஏமாந்து போனவர் போல, "அவ்ளோதானா?" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து எடுத்த இசிஜியில் தூக்கி நின்ற கோடு பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. இறங்காமல் போயிருந்தால் அப்போதே அவசரமாகப் பலூனுக்கு ஓட வேண்டும். இறங்கிவிட்டதால், ஊசி போட்ட 3 முதல் 24 மணி நேரத்துக்குள், ரத்தக்குழாயைப் படமெடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோவுக்கு அனுப்பினால் போதும். விடிந்து, வெளிச்சத்தில், நிதானமாக அனுப்பினார்கள்.

இரண்டாவது மாத்திரை

ஆஸ்பிரினோடு இன்னொரு தட்டணுத் தடுப்பு மாத்திரையும் எல்லாருக்கும் உண்டு, வழக்கமாக ஒரு வருஷம். இதில் மூன்று பேர் போட்டியில்: குளோபிடோக்ரெல், டிகாக்ரெலர், பிராசுக்ரெல்.

கரைக்கும் ஊசி போட்டவருக்கு ஆரம்பத்தில் குளோபிடோக்ரெல்தான், பேச்சு முடிந்தது. லோரி அண்ணனுக்கு நான்கு மாத்திரை, 300 மில்லிகிராம். 75 வயதைத் தாண்டியவருக்கு ஒன்றே ஒன்று.

போட்டி உண்மையில் நடப்பது மற்றவர்களிடம். குளோபிடோக்ரெல் கல்லீரலில் மாறின பிறகுதான் வேலை செய்யும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தம். ஐரோப்பியர்களைவிட ஆசியர்களில் அப்படிப்பட்டவர்கள் அதிகம். டிகாக்ரெலருக்கு அந்தச் சிக்கல் இல்லை, சீக்கிரமும் வேலை செய்யும். 2009-இன் பிளேட்டோ ஆய்வில் 18,624 பேர். ஒரு வருஷத்தில் இறந்தவர்கள் குளோபிடோக்ரெலில் 5.9 விழுக்காடு, டிகாக்ரெலரில் 4.5. இருதய மருந்தில் இது பெரிய வித்தியாசம். பதிலுக்கு இரண்டு தொல்லை. தினம் இரு வேளை போட வேண்டும், விட்டுவிட்டால் பாதுகாப்பு சீக்கிரம் இறங்கிவிடும். மூச்சுத் திணறல் மாதிரி ஓர் உணர்வு, அந்த ஆய்வில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு. நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மாரடைப்பு வந்து போனவருக்கு மூச்சு வாங்கினால் எப்படி இருக்கும்? பயந்துபோய்த் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தி, குழாயைத் திறந்து வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் அடைத்துக்கொண்டு திரும்பி வந்தவரைப் பார்த்திருக்கிறேன். மூச்சு வாங்கினால் நிறுத்தாதீர்கள், போன் பண்ணுங்கள் என்று மாத்திரை உறையில் பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன்.

பிராசுக்ரெல் பலூன் வைக்கப் போகிறவருக்கு. 2019-இல் ஒரு ஜெர்மானிய ஆய்வில் டிகாக்ரெலரையே முந்தியது. ஆனால் முன்பு பக்கவாதம் வந்தவருக்கு அறவே கூடாது. 75-க்கு மேலும் 60 கிலோவுக்குக் கீழும் தயங்க வேண்டும். இங்கே அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை, அதனால் இத்தோடு விடுகிறேன்.

அதே வாரம் இன்னொரு கட்டிலில் ஒரு பாட்டி. 79 வயது, 47 கிலோ, இருபது வருஷ இனிப்பு நீர் (நீரிழிவு), சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம் 26-க்கு இறங்கியிருந்தது. ரத்தசோகையும் உண்டு. ஆஞ்சைனா, ட்ரோபோனின் ஏறவில்லை. பேத்தி கைப்பேசியில் படித்துவிட்டு வந்து கேட்டார்: "டிகாக்ரெலர்தான் பெட்டர்னு போட்டிருக்கே, ஏன் பழசைக் குடுக்குறீங்க?" நல்ல கேள்வி. பிளேட்டோவின் எண்கள் சராசரி நோயாளிக்கானவை. பாட்டி எந்தச் சராசரியிலும் இல்லை. 70-ஐத் தாண்டியவர்களை மட்டும் எடுத்து நெதர்லாந்தில் ஓர் ஆய்வு செய்து 2020-இல் வெளியிட்டார்கள்: ரத்தக்கசிவு குளோபிடோக்ரெலில் 18 விழுக்காடு, மற்ற குழுவில், அதாவது பெரும்பாலும் டிகாக்ரெலரில், 24. சாவு, மாரடைப்பு, பக்கவாதம், கசிவு எல்லாம் சேர்த்துப் பார்த்தபோதும் பழசு பின்தங்கவில்லை. பாட்டிக்குப் பழசே சரி என்று மருத்துவர் முடிவெடுத்தார், நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். வயிற்றைக் காக்க ஒரு மாத்திரை சேர்த்தோம், பேண்டோபிரசோல். கடையில் சுலபமாகக் கிடைக்கும் ஒமிபிரசோல் குளோபிடோக்ரெலின் அதே நொதியோடு மல்லுக்கு நிற்கும். வாங்கிப் போடும்முன் கேளுங்கள்.

வயிற்றில் குத்தும் ஊசி

ரத்தம் மேலும் உறையாமல் இருக்கத் தொப்புளைச் சுற்றிக் குத்தும் ஊசியில் வரும் தேர்வு நம் ஊருக்கே உரியது. ஹெப்பாரின் வகைகள் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுபவை. சாதா ஹெப்பாரின், கிளெக்ஸேன் என்று எல்லாரும் சொல்லும் எனொக்ஸபாரின், இரண்டும் அப்படியே. 2009-இல் தேசிய ஃபத்வா குழு, மாற்று மருந்து இருக்கும்போது கிளெக்ஸேன் கூடாது என்று கருத்துச் சொன்னது. அந்த மாற்று ஃபோண்டாபரினக்ஸ், அரிக்ஸ்ட்ரா என்ற பெயரில் வருவது. முழுக்க ரசாயன முறையில் செய்தது. முஸ்லிம் நோயாளிகளிடம் இதைச் சொல்லும் பழக்கம் வார்டில் வந்துவிட்டது. சைவக்காரர்களிடம் யாரும் சொல்வதில்லை. பாட்டி ஐம்பது வருஷமாக முட்டைகூடத் தொடாதவர். கேட்டேன். "மருந்துக்குத் தோஷமில்லப்பா," என்றார், "ஆனா வேற இருக்குன்னா அதையே குத்து."

மதத்தை விட்டுவிட்டாலும் ஆஞ்சைனா, என்ஸ்டெமிக்கு ஃபோண்டாபரினக்ஸ் தாழ்ந்த மருந்து இல்லை. அதையும் எனொக்ஸபாரினையும் 2006-இல் 20,078 பேரிடம் ஒப்பிட்ட ஒயாசிஸ்-5 ஆய்வில், மாரடைப்பைத் தடுப்பதில் இரண்டும் சமம். ஆனால் ஒன்பது நாளில் பெரிய ரத்தக்கசிவு எனொக்ஸபாரினில் 4.1 விழுக்காடு, இதில் 2.2. ஒரு நாளைக்கு ஒரே குத்து, எல்லாருக்கும் 2.5 மில்லிகிராம். எனொக்ஸபாரின் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம், இரு வேளை. சிறுநீரக வேகம் 30-க்குக் கீழே போனால் ஒரு வேளையாகக் குறைக்க மறந்தால் வயிற்றுத் தோல் முழுக்க நீலம் பாரித்துவிடும். பாட்டிக்கு 26. ஃபோண்டாபரினக்ஸுக்கும் ஒரு தரை உண்டு, 20-க்குக் கீழே ஆகாது. டயாலிசிஸ் செய்பவருக்கு சாதா ஹெப்பாரினே கதி, சில மணிக்கு ஒரு முறை ரத்தம் எடுத்து அளவு பார்த்துக்கொண்டு. சாதா ஹெப்பாரினுக்கு ஒரு பெருமை, கசிந்தால் நிறுத்திவிடலாம், முறிமருந்தும் உண்டு. ஃபோண்டாபரினக்ஸுக்கு அது கிடையாது.

ஃபோண்டாபரினக்ஸில் இருக்கும் நோயாளிக்குப் பலூன் வைக்கும்போது மேசையில் சாதா ஹெப்பாரின் ஒரு தடவை கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கம்பியிலேயே ரத்தம் உறையும். இதை முன்னாலேயே குடும்பத்திடம் சொல்லிவிடுவது மரியாதை.

மற்றவை

ஆக்சிஜன்: ரத்தத்தில் அளவு 90-க்குக் கீழே போனால் மட்டும். முகமூடி மாட்டவில்லை என்று பதற வேண்டாம். மார்ஃபின் வலியைக் குறைக்கும், ஆனால் குடலையும் தூங்கவைத்து மாத்திரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அதனால் கணக்காகத்தான் தருவார்கள். இருதயத் துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா தடுப்பான்: அழுத்தம் நிலையாக இருந்தால் மாத்திரையாக, அவசரமில்லாமல். 45,852 பேரை வைத்துச் சீனாவில் செய்த ஆய்வில், ஆரம்பத்திலேயே நரம்பு வழியாகக் கொடுத்ததால் சிலருக்கு இருதயம் தளர்ந்துபோனது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின்: கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அன்றிரவே, அட்டோர்வாஸ்டாட்டின் 40 அல்லது 80. அழுத்தத்தைக் குறைக்கும் பெரிண்டோபிரில் வகை மாத்திரைக்குச் சிலருக்கு வறட்டு இருமல் வரும். வந்தால் மாற்று இருக்கிறது, சொன்னால் மாற்றித் தருவார்கள்.

நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும், ரத்தக்குழாயை விரிக்கும் ஜிடிஎன் மாத்திரை பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வயாக்ரா வகை மாத்திரை போட்ட 24 மணி நேரத்துக்குள், சியாலிஸ் என்றால் 48 மணி நேரத்துக்குள், ஜிடிஎன் கொடுத்தால் அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும். "நான் அதெல்லாம் போடுறதில்ல" என்று ஆண்கள் சத்தியம் செய்வார்கள். சரி, "ஆண்மைக் கோப்பி" குடித்தீர்களா? கடையிலும் இணையத்திலும் விற்கும் அந்தத் தூள்களில் வயாக்ராவின் சில்டெனாஃபிலோ சியாலிஸின் டடாலாஃபிலோ ரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மனைவியும் பிள்ளைகளும் பக்கத்தில் நிற்கும்போது இதைக் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். நாங்கள் திரையை இழுத்துவிட்டுக் கேட்போம். அவர்களைக் கோப்பி வாங்கிவர அனுப்பிவிட்டுக் கேட்பதும் உண்டு. சாதா கோப்பிதான்.

லோரி அண்ணனுக்கு ஆஞ்சியோவில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்தாம் நாள் எங்கள் வார்டிலிருந்து வீடு திரும்பினார். மருந்துப் பையைக் கொடுத்து ஒவ்வொன்றாக விளக்கி முடித்ததும், அக்கா கைப்பையிலிருந்து பழைய கிளினிக் அட்டையை எடுத்தார். அதன் பின்பக்கம் காலியாக இருந்தது. "போன தடவை போட்டது, இந்தத் தடவை போட்டது, ரெண்டு பேரையும் சொல்லு தம்பி, எழுதிக்கிறேன்." பழைய மருத்துவமனையின் ஆவணத்தை எங்கள் மருத்துவர் கேட்டு வாங்கியிருந்தார், அக்கா சொன்னது சரிதான். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். முதல் பெயரைத் தமிழில் எழுதிக்கொண்டே போனவர், கடைசியில் நிறுத்தி, "னேஸுக்கு ரெட்டைக் கொம்புதானே?" என்று கேட்டார்.